புறாவின் கால்

மாஸ்டரின் தூரிகை எச்சில் கரண்டி மாதிரி. யார் தட்டு என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் நுழையும். ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் பன்னிரண்டு பேர். யார் பறவை வரைந்தாலும் ஒரே கண், கண்ணுக்குள் ஒரே வெள்ளைப் புள்ளி. "கொஞ்சம் டச் பண்ணித் தரேன்" என்பார். அந்தக் கொஞ்சத்தில் பறவை அவருடையதாகிவிடும்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் அச்சு எடுப்பவள். நாளெல்லாம் அடுத்தவர் வாயில் கைவிட்டும் முகம் சுளிக்காதவளுக்கு, அந்தப் புள்ளியைப் பார்த்தால் மட்டும் குமட்டும்.

ஆஸ்பத்திரி ஜன்னல் விளிம்புக்கு வரும் அழுக்குப் புறாவைத்தான் அவள் வரைந்தாள். நூல் சுற்றி இறுகி, இடது காலில் விரல்கள் போய் ஒரு முண்டுதான் மிச்சம். விரட்டினாலும் போகாது, முண்டை ஊன்றி நின்று முறைக்கும். அந்தத் திமிர் அவளுக்குப் பிடித்திருந்தது. சிறகுக்குச் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டி, மேலே அக்ரிலிக் சாயத்தை மெல்லியதாகப் பூசினாள். முண்டுக்கு நிஜ நூலையே சுற்றி ஒட்டினாள். கழுத்திலும் காலைச் சுற்றியும் ஆயில் பேஸ்டலை, அந்த எண்ணெய்ப் பசை வண்ணக் குச்சியை, விரலால் அழுத்தித் தேய்த்தாள். ஆறு வாரம் ஆனது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் தனக்கென்று செய்த ஒரே காரியம் அது.

கண்காட்சிக்கு முந்தின வகுப்பில் தூரிகை கழுவிவிட்டுத் திரும்பினால், புறாவுக்குக் கால் முளைத்திருந்தது. ரோஸ் அக்ரிலிக்கில் மூன்று விரல்கள். கழுத்தில் பளபளவென்று பச்சை. கண்ணில் புள்ளி.

"இப்பதாம்மா உயிர் வந்திருக்கு." மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"தேங்க்ஸ் மாஸ்டர்" என்றாள். வீடு போய்ச் சேரும்வரை அந்தத் தேங்க்ஸ் நாக்கில் கசந்தது. அவரைவிடத் தன் மேல்தான் அருவருப்பாக இருந்தது.

கண்காட்சியில் கணவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இப்பதான் புறா மாதிரி இருக்கு. முன்னாடி பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு."

"அந்தக் கால் என்ன அழகு அண்ணி!" என்றாள் நாத்தனார்.

"கால்தாங்க கஷ்டம். நல்லா பண்ணியிருக்காங்க," என்றார் மாஸ்டர், கூச்சமே இல்லாமல். பிறகு கறுப்பு மார்க்கரை நீட்டினார். "கையெழுத்துப் போடலையேம்மா. போடுங்க, போட்டோ எடுக்கணும்."

போட்டால் அந்தக் கால் அவள் போட்ட கால். மார்க்கரை வாங்கிக் குனிந்தாள். குனிந்தபோதுதான் ஒரு ரோஸ் விரலின் ஓரம் லேசாக எழும்பியிருப்பது தெரிந்தது.

எண்ணெய்ப் பசை மேல் அக்ரிலிக் பிடிக்காது. முதல் வகுப்பில் மாஸ்டரே சொன்ன பாடம். அடியில் என்ன இருக்கிறது என்று மனிதர் பார்த்திருந்தால்தானே!

ஈறிலிருந்து அச்சைக் கழற்றிப் பழகிய கை. நகத்தைக் கொடுத்து நிதானமாக இழுத்தாள். மூன்று விரல்களும் ரப்பர் தோலாகச் சேர்ந்து வந்தன. கழுத்துப் பச்சையும் அப்படியே உரிந்தது.

"ஐயோ, என்ன பண்றே?" கணவன் பதறினான்.

கண்ணின் புள்ளி மட்டும் வரவில்லை. அதை மார்க்கரால் அடைத்தாள். முண்டுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

பிறகு அந்தத் தோலைச் சுருட்டி மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க மாஸ்டர். இது உங்களோடது."