கடைசிப் பல்லின் ஆழம்

லிஃப்ட்காரரின் ஈறுக்குள் அளவுக்கம்பி ஒன்று கைப்பிடியோடு விழுந்து மறைந்தபோது காலை மணி பத்து இருபது. பல் சுத்தக் கல்லூரியின் பயிற்சி அறையில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலோரத்து நான்காம் நாற்காலியில் லிஃப்ட்காரர் வாயைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருந்தார். அவர் தலைமாட்டில், சக்கரம் வைத்த முக்காலியில், இரண்டாம் ஆண்டு மாணவி. எதையும் மெதுவாகச் செய்கிறவள் என்பதால் கூடப் படித்தவர்கள் அவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு இடப்பக்கம், அட்டையும் பேனாவுமாக அவளுடைய விடுதி அறைத்தோழி. கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் குடையுடன் லிஃப்ட்காரரின் மனைவி. கருவிகளை எண்ணி வாங்கிக் கிருமி நீக்கும் கொதிகலனுக்கு அனுப்பும் சிறிய ஜன்னலுக்குப் பின்னால், எல்லோரும் தட்டு அக்கா என்று கூப்பிடும் பணியாளர். கம்பி எங்கேயும் போய் முட்டிய சத்தம் ஐந்து பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அளவுக்கம்பி என்பது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே செருகி ஆழம் பார்க்கிற மெல்லிய கம்பி. பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை கோடு போட்டிருக்கும். மூன்று வரை போனால் ஆரோக்கியம், ஆறு போனால் நோய், ஒன்பது போனால் பல் நிற்காது. ஒருத்தி ஒவ்வொரு பல்லையும் ஆறு இடத்தில் குத்திப் பார்த்து எண்ணைச் சொல்ல, இன்னொருத்தி அட்டையில் எழுதிக்கொள்வாள். இறுதித் தேர்வில் அதே வாயைத் தேர்வாளரும் அளப்பார். இரண்டு கணக்குக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் தோல்வி. அந்த ஆண்டின் தேர்வாளருக்கு மில்லிமீட்டர் மேடம் என்றே பெயர். அவர் தன் மகள் நெற்றிப் பொட்டு அரை மில்லிமீட்டர் இடது பக்கம் போயிருப்பதை வீட்டு வாசலில் நின்றே கண்டுபிடிப்பவர் என்று மாணவிகள் பேசிக்கொண்டார்கள்.

நிதானம் போன தேர்வில் நேரம் போதாமல் தோற்றவள். அன்றைய தேர்வு இரண்டாம் முறை; அதிலும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்றாம் வாய்ப்பு என்று ஒன்று அந்தக் கல்லூரியில் கிடையாது. பெயர் போனால் அவள் போய்ச் சேர வேண்டிய இடம் அண்ணன் வீடு. விடுமுறைக்குப் போயிருந்தபோது அண்ணி அவள் கையில் பாத்திரம் துலக்கும் நாரைக் கொடுத்து, "அங்க போயும் தேய்க்கிற வேலைதானே பண்ற? அதுக்கு எதுக்கு விடுதி, வெள்ளைக் கோட்டு? இங்கயே தேய்க்கலாமே" என்று சிரித்திருந்தாள். அண்ணன் செய்தித்தாளை மடிக்காமலேயே இருந்தான்.

லிஃப்ட்காரர் பதினொரு ஆண்டுகளாக இந்த அறைக்குத் தன் வாயைக் கொடுத்து வருபவர். ஆண்டுக்கு இரண்டு மாணவிகள் வீதம் இருபத்திரண்டு பேர் அவரை அளந்திருந்தார்கள். கீழ்வரிசை வலப்பக்கக் கடைசிப் பல்லுக்கு இருபத்திரண்டு பேரும் மூன்று என்றே எழுதியிருந்தார்கள். அந்தப் பல் வாயின் கடைக்கோடியில், கன்னம் இடிக்கிற மூலையில் இருந்தது. அதற்கு வந்து சேரும்போது கை ஓய்ந்திருக்கும், மணி அடிக்கப் போகும். ஆகவே முந்தைய அட்டையைப் பார்த்து மூன்று என்று எழுதிவிடுவது மாணவிகளுக்குள் வழக்கமாகியிருந்தது. நிதானம் மட்டும், தோற்ற பயத்தில், அந்த மூலையில் கம்பியை உண்மையிலேயே செருகினாள். ஆறு போனது. ஒன்பது போனது. பன்னிரண்டாம் கோடும் மூழ்கியது. கருவியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று அவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருவார்கள். அவள் விரலைத் தளர்த்தினாள். தன் கருவி என்று அடையாளம் தெரியக் கைப்பிடியில் அவள் மாட்டியிருந்த மஞ்சள் ரப்பர் வளையம் கண்ணில் பட்டது, பிறகு அதுவும் இல்லை. உள்ளேயிருந்து எண்ணெய் வாசத்தோடு குளிர்ந்த காற்று மேலே வந்து அவளுடைய முகமூடியை அசைத்தது.

"மூணுன்னு போட்டுக்கட்டுமா?" என்றாள் அறைத்தோழி, தலை நிமிராமல்.

நிதானம் பதில் சொல்வதற்குள் தட்டு அக்கா ஜன்னலிலிருந்து எண்ணி முடித்திருந்தாள். தட்டில் பதினொரு கருவி இருக்க வேண்டும், பத்துதான் இருந்தது. ஒரு கருவி குறைந்தால் அது நோயாளியின் வயிற்றிலோ நுரையீரலிலோ இருக்கலாம் என்பதால், அது கிடைக்கிற வரை அறையை விட்டு யாரும் போகக் கூடாது. அக்கா வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மூலையில் இருந்த எக்ஸ்ரே பெட்டியைக் கொண்டு வாயைப் படம் எடுத்தார்கள். பல் இருந்தது, வேர் இருந்தது, எலும்பு இருந்தது. கம்பி இல்லை. மார்பையும் எடுத்தார்கள். படத்தில் சட்டைப் பொத்தான்கள் மட்டும் வரிசையாக விழுந்தன.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலைம்மா" என்றார் லிஃப்ட்காரர். "ஆனா அது இன்னும் போய்க்கிட்டேதான் இருக்கு. தெரியுது."

அவர் மனைவி குடையை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றிக்கொண்டாள். "இருபத்தெட்டு வருஷமா நான் சொல்றேன், இந்த வாய்க்கு அடியே கிடையாதுன்னு. யார் கேட்டா? இப்ப படம் புடிச்சுப் பாக்கறாங்க."

மணி பத்து ஐம்பது. பன்னிரண்டரைக்குத் தேர்வு முடியும். மூன்று என்று எழுதிவிட்டு, கம்பி கைதவறிக் கீழே விழுந்து உடைந்தது என்று சொன்னால் தேர்வாளரும் முந்தைய அட்டையைப் பார்த்து மூன்று என்பார், அவள் தேர்ச்சி பெறுவாள், இந்த மனிதர் அடியில்லாத பல்லோடு வீட்டுக்குப் போவார். அறைத்தோழி இதையே வேறு வார்த்தைகளில் அவள் காதோரம் சொன்னாள். "உனக்குப் பைத்தியமா? அண்ணி நாரோட நிக்கறது மறந்து போச்சா?" நிதானம் இரண்டாவது கம்பியை எடுத்து அதன் கழுத்தில் பல்லிடுக்கு நூலைக் கட்டினாள். மெழுகு தடவிய அந்த நூல் ஒரு டப்பாவில் ஐம்பது மீட்டர் இருக்கும். முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கம்பியை மெல்ல இறக்கினாள்.

லிஃப்ட்காரர் வேலை பார்த்தது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில். கண்ணை மூடிக்கொண்டே எந்த மாடி என்று சொல்லப் பழகியவர். வாய் திறந்திருந்ததால் விரலால் சொன்னார். ஒரு விரல். இரண்டு. நூல் டப்பா கிறீச்சென்று சுற்றியது. ஐந்து விரல். ஏழுக்கு வந்தபோது வியர்வை அவர் காதுக்குப் பின்னால் இறங்கியது, மனைவி எழுந்து வந்து அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். பத்து விரலும் விரிந்தன. பிறகு அவர் இரண்டு கையையும் மூடி ஒரு விரலைத் தனியாக நீட்டினார்; நூல் தொய்ந்தது. பதினொன்றாம் மாடியில் தரை இருந்தது.

ஈறு விளிம்பில் நூலின் மேல் பேனாவால் அடையாளம் வைத்து அவள் மேலே இழுக்கத் தொடங்கியபோது கதவு தட்டப்பட்டது. பன்னிரண்டுக்கு வர வேண்டிய மில்லிமீட்டர் மேடம் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். தட்டு அக்கா தாழை எடுத்து, அவரை உள்ளே விட்டு, மறுபடி தாழ் போட்டாள். நூல் கனமாக வந்தது. முதலில் அவள் கட்டி இறக்கிய கம்பி வந்தது. அதில் மாட்டிக்கொண்டு மஞ்சள் வளையக் கம்பி வந்தது. அதன் வளைவில் கோத்துக்கொண்டு இன்னொன்று வந்தது. அதில் பச்சை வளையம் இருந்தது. மேடத்தின் கோட்டுப் பையில் இருந்த எல்லாக் கருவிகளிலும் அன்றும் பச்சை வளையம்தான் இருந்தது.

தட்டு அக்கா பழைய பேரேட்டைத் திறந்து விரலை வரிகளில் ஓட்டினாள். "பச்சை, ஒண்ணு. பதினோரு வருஷமாக் குறையுது. நீங்க இங்க படிச்சப்ப, கீழ விழுந்து உடைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க மேடம்."

லிஃப்ட்காரரின் கோப்பில் முதல் அட்டையில் முதல் மூன்றை எழுதியிருந்தது யார் என்று எல்லோருக்கும் அப்போது தெரிந்தது. மேடம் கைகழுவும் தொட்டிக்குப் போய், விதிப்படி நாற்பது நொடி கைகழுவினார். அவர் திரும்பி மூன்று என்று சொன்னால் அதுதான் எண். எதிர்த்துப் பேச அந்த அறையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. நிதானம் முக்காலியை விட்டு எழுந்து நின்றாள். மேடம் உட்கார்ந்து, புதிய கம்பியில் தானே நூல் கட்டி, லிஃப்ட்காரரின் விரல்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார். காற்று அவர் காதோர முடியைத் தூக்கியது. அதற்குள் நிதானமும் லிஃப்ட்காரரின் மனைவியும் முதல் நூலைத் தரையில் நீட்டிப் பிடித்து, பதினைந்து சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலை இருநூற்று இருபது முறை முழுதாகவும் ஒரு முறை குறையாகவும் வைத்து அளந்தார்கள். அட்டையில் எழுதியாயிற்று: முப்பத்து மூவாயிரத்து நூற்று இருபது.

மேடம் தன் நூலைத் தானே அளந்தார். மணி பன்னிரண்டு இருபத்தாறுக்கு நிமிர்ந்தார். அறைத்தோழியின் பேனா, பழக்கதோஷத்தில், மூன்று எழுத வளைந்திருந்தது.

"முப்பத்து மூவாயிரத்து நூற்று இருபத்தொண்ணு. எழுதும்மா."

ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். விதிப்படி தேர்ச்சி. மேடம் கோப்பின் முதல் அட்டையை எடுத்து, தன் பழைய மூன்றின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியுடன் கையெழுத்து வைத்தார். மற்ற இருபத்தொரு மூன்றையும் அப்படியே விட்டுவிட்டார். மறு ஆண்டு அச்சான அட்டைகளில் கட்டத்துக்கு ஐந்து இலக்க இடம் விட்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் அதன் பிறகு ஒன்பது ஆண்டு இடப்பக்கமாகவே மென்றார். கோடையில் அவர் பக்கத்தில் நிற்பவர்களுக்கு விசிறி தேவைப்படவில்லை. அண்ணி புது நார் வாங்கினாள், ஆனால் நிதானத்துக்கு அல்ல, தனக்கு.

அன்றைக்குச் செய்ய மீதமிருந்தது ஈறு மருத்துவருக்கான பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான். நிதானம் அதை எழுத இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள். ஐயா, தங்களிடம் வரவிருக்கும் நோயாளிக்குக் கீழ்வரிசை வலப்பக்கக் கடைசிப் பல்லில் ஆழம் 33,120. சரிபார்த்த ஆழம் 33,121. ரத்தக் கசிவு இல்லை, வலி இல்லை, காற்று உண்டு. கீழே மேடம் கையெழுத்திட்டார். உறையை நாக்கால் தொடக் கூடாது என்பதால் ஈரப் பஞ்சை ஓட்டி ஒட்டினாள். லிஃப்ட்காரரின் மனைவி அதைக் குடைக்குள் வைத்து எடுத்துப் போய், தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டு, துவாரத்தில் காதை வைத்துக் கேட்டாள். உடனே டொப்பென்று விழுந்த சத்தம் வந்தது. அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.