இறங்கிட்டேன்

இன்னும் ஒரு தடவை விழுந்தால் முதியோர் ஹோமில் சேர்த்துவிடுவேன் என்று பெமிலா மஸ்கட்டிலிருந்து சொன்னபோது, சிலுவைமுத்துவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. வீடியோ அழைப்பில் மூத்த மகளின் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. அவர் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“நாகர்கோயில்ல சிஸ்டர்மாரு நடத்துற எடம். நல்லா பாப்பாங்க. நான் பேசியாச்சு,” என்றாள் பெமிலா. “இன்னும் ஒரே ஒரு தடவ. அதுக்கு மேல நான் யாரு பேச்சையும் கேக்கமாட்டேன்.”

“மழ பெஞ்சா புறவாசல் வழுக்காதா ஏட்டி? உங்க மஸ்கட்டுல மழ உண்டா?” என்றார் அவர்.

அலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சஜின். அவன் அந்த வீட்டின் மருமகன். இளைய மகள் பிரிஜாவைக் கட்டியவன். பிரிஜா மஞ்சள் காமாலையில் போய் ஒன்றரை வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். வயது இருபத்தொன்பது. சஜினுக்குத் திற்பரப்புக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சொந்த வீடு உண்டு, அண்ணன் உண்டு. அவளுடைய வருட நினைவுத் திருப்பலி முடிந்ததும் போய்விடுவான் என்று தெருவில் எல்லாரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். போகவில்லை. யாராவது கேட்டால், கோட்டாறுக்கு இங்கிருந்துதான் பஸ் வசதி என்பான்.

கோட்டாறில் ஓர் அச்சகத்தில் அவனுக்கு வேலை. எம்.ஏ. தமிழ். கல்யாணக் குறி என்று ஊரில் சொல்லும் அழைப்பிதழ்களும் கோயில் திருவிழா நோட்டீசுகளும் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பான்.

பெமிலா சொன்ன வாரத்திலேயே புறவாசலில் சொரசொரப்பான ஓடு பதித்தான். குளியலறைச் சுவரில் கைப்பிடி வைத்தான். வாசலிலும் அடுக்களையிலும் பல்பை மாற்றினான்.

“கப்பலு வந்து கரையடுக்கப் போவுதா மக்கா? இவ்வளவு வெளிச்சம்!” என்று சிலுவைமுத்து கண்ணைச் சுருக்கினார்.

மாலையில் வேலை முடிந்து வந்ததும் சஜின் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“இன்னைக்கு விழுந்தியளா மாமா?”

“இல்ல.”

சில நாள் அவராகவே வேறு ஏதாவது சொல்வார். “காலம்பற கொஞ்சம் இறங்கினேன்” என்பார். கடற்கரைக்கு இறங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வான். நாற்பது வருடம் வள்ளத்தில் போன ஆள். எழுபத்தாறு வயதிலும் கடப்புறத்துக்கு இறங்காமல் இருக்க முடியாது. நடக்கட்டும், நல்லதுதான் என்று இருந்துவிட்டான்.

மாவுக்கட்டைப் பிரித்து ஒரு மாதமான ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி கழிந்து அவர் அலைபேசியில் கூப்பிட்டார். சஜின் முன்னால் ஒரு கல்யாணக் குறி இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் ஒற்று விட்டுப்போயிருந்தது.

“மக்கா, நான் இறங்கிட்டேன், கேட்டியா?”

“சரி மாமா.”

“நீ எப்ப வருவா?”

“ஒண்ணரைக்கு வாறேன். மத்தியானம் லீவு சொல்லியிருக்கேன், ரேஷன் வாங்கணும். வெயிலுக்கு முந்தி ஏறிருங்க.”

“ஏறணும். பாக்கேன்,” என்றார். பிறகு, “நீ வெப்ராளப்படாண்டாம், பதறாம வா,” என்று வைத்துவிட்டார்.

சஜின் ஒற்றைப் போட்டான்.

ஒன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தபோது முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். பதில் இல்லை. சுற்றிக்கொண்டு புறவாசல் வழியாகப் போனான். நடுஅறையில், பாய்க்கும் சுவருக்கும் நடுவே, சிலுவைமுத்து வலது பக்கமாகச் சரிந்து கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. நெற்றியில் எறும்பு ஊர்ந்தது. கண் விழித்துத்தான் இருந்தது. அலைபேசி கைக்குள்ளேயே இருந்தது.

“வந்தியா மக்கா,” என்றார். உதடு ஒட்டியிருந்தது. “தண்ணி தா.”

சஜின் அவரைத் தூக்கவில்லை. எலும்பு முறிந்திருந்தால் தூக்குவது கேடு என்று எங்கோ வாசித்திருந்தான். ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, ஈரத்துணியால் உதட்டை நனைத்தான்.

இடுப்பு முறியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் அதை முதலில் சொன்னார். ஆனால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்ததில் தசை நசுங்கி, ரத்தத்தில் ஏதோ கூடியிருக்கிறது. அது சிறுநீரகத்துக்குக் கேடு. ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். “உடனே தூக்கியிருந்தா இதொண்ணும் கிடையாது. போன் கையில இருந்துதே, கூப்பிடலியா?” என்று டாக்டர் கேட்டார்.

“கூப்பிட்டாரு,” என்றான் சஜின். “கடப்பொறத்துக்கு இறங்கினதாட்டு சொன்னாரு.”

வெளியே பெஞ்சில் கிளீட்டஸ் இருந்தார். அடுத்த வீட்டுக்காரர், சிலுவைமுத்துவோடு ஒரே வள்ளத்தில் போனவர். ஆம்புலன்சின் பின்னாலேயே பைக்கில் வந்திருந்தார். சஜின் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“அவரு என்ன சொன்னாரு? சொன்ன மாதிரியே சொல்லு.”

“இறங்கிட்டேன், கேட்டியான்னாரு.”

கிளீட்டஸ் தலையில் கை வைத்தார். “லேய், அது கடப்பொறம் இல்லடே.”

சஜின் அவரைப் பார்த்தான்.

“அவருக்கு ஒரு தம்பி உண்டும். நான் வள்ளத்துக்கு வாறதுக்கு முந்தி. வள்ளத்துக்க முன்பக்கம் அணியத்துல நின்னவன் அலையில போயிட்டான். ‘தம்பி விழுந்துட்டான்’னு கத்தினது உனக்க மாமாதான். தம்பி கிட்டல்ல. பொறவு அவரு வள்ளத்துல அந்தச் சொல்ல யாரும் எடுக்கப்பிடாது. எவனாவது தண்ணியில போனா ‘இறங்கிட்டான்’னுதான் சத்தம் போடணும். இறங்கினவன் ஏறுவான்லா? அந்தச் சத்தம் கேட்டா நாங்க வலைய அப்பிடியே விட்டுட்டு கயித்தத் தூக்குவோம்.” அவர் நிறுத்தினார். “உனக்கு யாரும் சொல்லித் தரல்ல. நீ ரப்பர் காட்டுக்காரன்.”

ஏறிருங்க என்று தான் சொன்னது சஜினுக்கு ஞாபகம் வந்தது.

அந்த மனிதரிடம் அவன் தினமும் விழுந்தீர்களா என்று கேட்டிருக்கிறான். அவர் இல்லை என்றிருக்கிறார். பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன நாட்களில் அவன்தான் சட்டையை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டான்.

உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான்.

“மாமா, எத்தன தடவ இறங்கினிய?”

சிலுவைமுத்து யோசிக்கவே இல்லை. வலது கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரல்.

“எங்க வச்சு?”

“எல்லாம் பாயில வச்சுதான். நீ வேலைக்குப் போவேல்லா, நான் கஞ்சி குடிச்சு மாத்திரையும் போட்டு ஒண்ணு படுப்பேன். எழும்பும்போ தல ஒரு கறக்கம் கறங்கும். பொறவு பாத்தா கீழ கெடப்பேன். மத்த நாளெல்லாம் சொவரப் புடிச்சு ஏறிட்டேன். இன்னைக்கு முடியல்ல.”

“கிளீட்டஸண்ணனக் கூப்பிடப்பிடாதா?”

“அவனக் கூப்பிட்டா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா மஸ்கட்டுக்குத் தெரியும்.” அவர் குளுக்கோஸ் குழாயைப் பார்த்தார். “அவகிட்ட ஒண்ணுன்னு சொல்லு மக்கா. அஞ்சுன்னு சொல்லாத.”

மறுநாள் காலையில் பிசியோதெரபிஸ்ட் ஆதிரா வந்தாள். சின்னப் பெண், உரத்த குரல். சிலுவைமுத்துவைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். எழுப்பி நிற்கவைத்து மறுபடியும் பார்த்தாள்.

“படுத்தா நூத்தி நாப்பது. நின்னா நூத்தி எட்டு. தாத்தா, நீங்க எழும்புறீங்க, ரத்தம் எழும்ப மாட்டேங்குது.”

“அதுக்கும் வயசாச்சுல்லா பிள்ளே,” என்றார்.

டாக்டர் பிரஷர் மாத்திரையைக் குறைத்து, இரவுக்கு மாற்றினார். ஆதிரா மீதியைச் சொன்னாள். தரையில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது. கட்டில் வேண்டும். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். கட்டில் உயரமாக இருந்தாலும் ஆபத்துதான். எழுந்ததும் உட்கார்ந்து நூறு எண்ண வேண்டும், கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், பிறகுதான் நிற்க வேண்டும். நடக்கிற வழியில் எதுவும் கிடக்கக் கூடாது. பேசிக்கொண்டே அவருடைய முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை டேப்பால் அளந்தாள். பதினேழு அங்குலம்.

பிறகு தரையில் ஒரு மெத்தையைப் போட்டு, அவளே அதில் படுத்துக் காட்டினாள். ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் தவழ்ந்து ஒரு நாற்காலிவரை போய், அதைப் பிடித்து எழுந்தாள். “இத வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவ இவரு கூட நின்னு பழகுங்க,” என்றாள் சஜினிடம். “மறுபடி நடந்தா எழும்பத் தெரியணும். இல்லேன்னா நேத்து மாதிரி கெடப்பாங்க.”

மதியம் பெமிலா கூப்பிட்டாள். சஜின் வார்டுக்குள்ளேயே நின்று பேசினான். சிலுவைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அஞ்சு தடவ, அக்கா,” என்றான் சஜின். “மணிக்கட்டு ஒடஞ்சது அதுல சேராது.”

சிலுவைமுத்துவின் முதுகு அசைந்தது.

“அப்ப முடிஞ்சு,” என்றாள் பெமிலா. “நான் இன்னைக்கே சிஸ்டருக்கு விளிச்சுச் சொல்லுகேன்.”

“எல்லாம் ஒரே நேரம், ஒரே எடம். மாத்திர போட்டுப் படுத்து, தரையில இருந்து எழும்பும்போதான். மாத்திரைய மாத்தியாச்சு. இவரு எங்கிட்ட சொல்லத்தான் செய்தாரு. எனக்கு வெளங்கல்ல. இனி வெளங்கும்.”

“ஹோமில ஆளு உண்டும் சஜின். பகல் முழுக்க.”

“உண்டும். ஆனா அவங்களும் விழுந்தியளான்னுதான் கேப்பாங்க. இவரு இல்லம்பாரு.”

அவளுக்கு அது புரிந்தது. அதே வீட்டில் வளர்ந்தவள்தானே. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆனால் அவள் விடவில்லை.

“நான் ஒண்ணு கேக்கட்டா? நீ சின்ன ஆளு. எத்தன நாளு இருப்பா? நாளைக்கு உங்க அண்ணன் பொண்ணு பாத்தா நீ போவா. போணும். நான் குத்தமாட்டு சொல்லல்ல. அன்னைக்கு எனக்க அப்பா எங்க போவாரு?”

சஜின் சன்னலுக்கு வெளியே பார்த்தான். ஆஸ்பத்திரி முற்றத்தில் யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குத் தெரியாது அக்கா,” என்றான். “இப்ப இருக்கேன்.”

“எதுவரைக்கும்?”

“நீங்க டிசம்பர்ல லீவுக்கு வருவியல்லா. அதுவரைக்கும் உறுதியாட்டு இருப்பேன். வந்து நேருல பாத்துட்டுத் தீருமானிங்க. இடையில எத்தன தடவ ஆனாலும் மறைக்காமச் சொல்லுவேன்.”

“ஆளு இல்லாத நேரம்?”

“கிளீட்டஸண்ணன் பத்து மணிக்கு வந்து எழுப்புவாரு. கேட்டாச்சு.”

“டிசம்பர் வரைக்கும்,” என்றாள் பெமிலா கடைசியில். “அப்பாட்ட குடு.”

சிலுவைமுத்து அலைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவள் ஏதேதோ சொன்னாள். அவர் “ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் கட்டில் ஒன்றுதான் உண்டு. தெற்கு அறையில், கதவு சாத்திய அறையில். பிரிஜாவின் கல்யாணத்துக்குச் சிலுவைமுத்து ஆயினி மரம் எடுத்துச் செய்யச் சொன்னது. ஒன்றரை வருடமாக சஜின் முன்னறையில் பெஞ்சில்தான் படுத்தான்.

அவன் கதவைத் திறந்து, மெத்தையோடு கட்டிலை அளந்தான். இருபத்துமூன்று அங்குலம்.

“வேற ஒண்ணு வாங்கலாம் மக்கா,” என்றார் சிலுவைமுத்து, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு.

“இது நல்ல மரம்.”

“அறுத்தா பொறவு ஒட்டாது.”

“தெரியும் மாமா. நீங்க நாற்காலியில இருங்க.”

கட்டிலுக்கு அடியிலிருந்து பிரிஜாவின் பெட்டியை இழுத்தான். சேலைகளும் அவளுடைய நர்சரிப் பள்ளிப் பதிவேடுகளும் அதில் இருந்தன. திறக்கவில்லை. கட்டிலை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு, கிளீட்டஸ் தந்த ரம்பத்தை எடுத்தான். ஆயினி மரம் எளிதில் அறுபடாது. முதல் காலுக்கே சட்டை நனைந்துவிட்டது. சிலுவைமுத்து நாற்காலியில் இருந்தபடி குனிந்து, பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேராப் புடி லேய். நாலும் ஒண்ணுபோல வரணும். இல்லேங்கி ஆடும்.”

“குனியாதிங்க மாமா. கறங்கும்.”

“கறங்கல்ல. நீ அறு.”

நாலாவது கால் முடிய ஒரு மணி நேரம் ஆனது. கட்டிலை நிமிர்த்தி, மெத்தையைப் போட்டார்கள். சிலுவைமுத்து சுவரைப் பிடித்து வந்து விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. கணுக்காலை ஆட்டினார். உள்ளங்கையால் மரத்தைத் தடவினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவளுக்கு உயரமாத்தான் வேணும்னு சொன்னா,” என்றார். “அடியில சாமான் வைக்கணும்னு.”

சஜின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தான். போகவில்லை. சற்று நேரம் அதைப் பிடித்தபடி முட்டுக்குத்தி இருந்தான். பெட்டியைத் தரையில் விட்டால் அவர் கால் தட்டும். தூக்கி அலமாரியின் மேல், அவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தான்.

“இனி எழும்பட்டா?” என்றார் சிலுவைமுத்து.

“எண்ணி முடிச்சியளா?”

“அறுவதுல நிக்கேன்.”

“நூறு ஆவட்டும்.”

தரை முழுக்க மரத்தூள் கிடந்தது. அதில் கால் வைத்தால் வழுக்கும். அவர் எண்ணி முடிக்குமுன் சஜின் வாரியலை எடுத்துப் பெருக்கத் தொடங்கினான்.