பூட்டுக்கு முன்னால் ஒரு சொல்

1.
கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சுடச்சுட ஒரு கதை தருகிறேன். மும்பை சயானில் பெண்களுக்குச் சட்டம் சொல்லும் கூட்டத்தில் கிடைத்தது. "உங்க முதலாளி யாரு?" என்று கேட்டார் வக்கீல் ஷ்யாமளா. தாராவியில் பை தைக்கும் ஆறு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முதலாளியா? எங்களுக்கு அண்ணாச்சிதான்!" என்றாள் உமைரா. எனக்கு அங்கேயே கை பரபரத்துவிட்டது.

2.
முதல் வரி: முறுக்கு மீசை நம்பிராஜன் அண்ணாச்சி பட்டறை ஷட்டரை இழுத்து...

(வேண்டாம். மீசையை எடுத்துவிட்டேன். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஆறு பேருக்கும் சேலை எடுத்துத் தருகிறவன் அவன். அதுதான் சிக்கலே.)

ஆர்டர் அவசரமென்றால் பெண்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். "காலம் கெட்டுக் கெடக்கு, தங்கச்சிகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" உமைராவும் நம்பினாள், போன வாரம் பக்கத்துப் பட்டறையில் தீப்பிடித்துப் புகை உள்ளே நுழையும் வரை. அவன் வந்து திறப்பதற்குள், ஷட்டரைத் தட்டித் தட்டி எல்லோருக்கும் கை வீங்கிவிட்டது.

3.
அவனை எதிர்த்துப் பேச உமைராவுக்குத் தைரியம் வருமா? சந்தேகப்பட்டு அவளை அழவைத்துப் பார்த்தேன். கண்ணீர் வழிய அவள்...

(அழமாட்டேன் என்கிறாள்! அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஷ்யாமளா சொன்னது அவள் காதிலேயே நின்றது: "ஆளை உள்ள வச்சுப் பூட்டுறது குற்றம். அண்ணனே பூட்டினாலும் குற்றம்தான்."

மறுநாள் மதியம் நம்பிராஜன் பூட்டை எடுத்தான். உமைரா மிஷினை விட்டு எழுந்து வாசலில் போய் நின்றாள்.

"சேட், பூட்டாதீங்க."

(இந்த ஊரில் முதலாளி என்றால் சேட். இத்தனை வருடத்தில் அவனை யாரும் அப்படி அழைத்ததில்லை.)

மிஷின் சத்தம் நின்றது.

"ஏ புள்ள, யாரு சேட்டு? நான் ஒன் அண்ணாச்சில்லா?"

"வீட்டுக்கு வாங்க, அண்ணாச்சின்னு கூப்ட்டு கறிச்சோறு போடுதேன். இங்கன நீங்க சேட்டு. பூட்டினா போலீஸ் கேசு."

"சேலை வாங்கும்போது மட்டும் அண்ணாச்சி இனிச்சுதோ?"

"அந்தச் சேலையோடதான் கருகியிருப்போம், சேட்."

4.
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் பூட்டைச் சாக்கடையில் எறிகிறான். (சினிமா.) மற்றதில் உமைராவை மட்டும் வெளியே தள்ளிவிட்டுப் பூட்டுகிறான். (இரண்டையும் கிழித்துப் போட்டேன்.)

இப்போது அவன் மற்ற ஐவரையும் பார்க்கிறான். "நீங்க சொல்லுங்க, நான் யாரு?"

அடுத்த குரல் "அண்ணாச்சி" என்றால் உமைரா தனி ஆள். "சேட்" என்றால் பூட்டு அவன் பைக்குள் போகும். அடுத்த மிஷினில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான், கண்ணுகளா. வாயைத் திறங்கள்.

உங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகும் இடமெல்லாம் கதவு உள்ளிருந்தே திறக்கட்டும். பொழுது சாயும்போது அத்தனை பேரும் சிரித்த முகமாய் வீடு வந்து சேரட்டும்.