பூப்போட்ட பீங்கான்

தொண்ணூறுகளில் நூஹு கட்டாரிலிருந்து திரும்பியபோது ஊரே மூக்கில் விரலை வைத்தது. நெல்லு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கின மனிசன், தடியில் கொழுவின சட்டை மாதிரி வந்து நின்றார். எயிட்ஸ் என்ற கதை அவருக்கு முன்னமே கல்முனைக்கு வந்து சேர்ந்திருந்தது. கதைக்கு பஸ் எதுக்கு, டிக்கட் எதுக்கு!

"இதுக்கு இஞ்ச இன்னும் மருந்தில்ல. சாப்பாடுதான் மருந்து. சாப்பிடாட்டி ஆள் தப்பாது. ஒண்டாயிருந்து சாப்பிட்டா ஒட்டாது, பயப்படாதீங்க" என்று கொழும்பு டாக்டர் சொன்னதை மனைவி சுபைறாவின் தம்பி ஜவுபரும் பக்கத்தில் நின்று கேட்டான். கேட்டு என்ன? பயம் காதிலா இருக்கு!

வீட்டில் நூஹுவே தனக்கென்று புறம்பாக ஒரு பீங்கான் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுபைறா என்னத்தைச் சமைத்து வைத்தாலும் நாலு வாய்க்குமேல் இறங்காது. "பசியில்ல புள்ள" என்று எழும்பிவிடுவார்.

ஜவுபரின் தங்கை ஹிமாயாவுக்குக் கலியாணம் வந்தது. பந்தலில் பாய் விரித்து, சகன் சகனாய் நெய்ச்சோறு. சகன் என்கிற பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஒரே சோற்றில் கைவைக்க வேணும். நூஹு மச்சான் போய் இருந்ததும் மற்ற ஐந்து பேரும் எழும்பினால்? அந்த மானக்கேடு வேண்டாமென்று ஜவுபர் மூலையில் மேசை போட்டு, பூப்போட்ட புதுப் பீங்கானில் அவருக்குச் சோறு வைத்தான். மரியாதை செய்கிறானாம், விசரன்!

நூஹு இறைச்சியைத் தொட்டார், வைத்தார். ஊரே தின்கிற இடத்தில் அந்த மனிசன் பட்டினி கிடந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்துச் சீலை விலகியது. சுபைறா! முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு முழுச் சகனைத் தூக்கியபடி, ஆம்பிளைகள் இருக்கிற பந்தலுக்குள் நடந்து வந்தாள்.

"ராத்தா, பைத்தியமா உனக்கு? உள்ளுக்குப் போ!" ஜவுபர் ஓடிவந்தான்.

"விலகு தம்பி. இவர் பசியில்லாம மெலியல்ல. தனிய இருந்து தின்னத் தெரியாம மெலியிறார். நானும் இவ்வளவு நாளா அந்தப் பீங்கானைக் கழுவிக் கழுவி வச்சன் பாரு!"

சகனைப் பாயில் வைத்தாள். "வாங்க, இரிங்க."

"வேணாம் சுபைறா, உனக்கு ஏதும்..."

"டாக்டர் சொன்னது ஒங்களுக்கும் கேட்டதுதானே?"

பிஸ்மி சொல்லி அவள் முதலில் கைவைத்தாள். நல்ல இறைச்சித் துண்டாய்ப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிவிட்டாள். சகனில் பக்கத்து ஆளுக்கு அப்படித்தான் செய்வது. நூஹு ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். பிறகு கை நிற்கவேயில்லை. கண்ணீர் வழிய வழியத் தின்றார்.

யா அல்லாஹ்! ஜவுபர் மலைத்துப்போய் நின்றான். கரப்பானைக் கண்டால் கட்டிலில் ஏறுகிறவள் இவள்! இந்தத் தைரியத்தை இத்தனை காலமும் எங்கே வைத்திருந்தாள்? அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சகனைச் சுற்றி இன்னும் நாலு பேருக்கு இடமிருந்தது. ஒருத்தரும் அசையவில்லை. ஜவுபர் போய்க் கையைக் கழுவினான். பயம் போகவில்லை. ஆனாலும் வந்து மச்சானுக்குப் பக்கத்தில் இருந்தான்.

நூஹு தலை நிமிரவில்லை. தன் கையால் ஒரு துண்டு இறைச்சியைப் பிய்த்து, ஜவுபரின் பக்கம் தள்ளிவிட்டார்.

ஜவுபர் அதை எடுத்து வாயில் வைத்தான்.