எடை பார்த்து வாங்கிய மவுஸ்

“மவுஸ் சரியில்ல லாத்தா.”

யஹ்யா முன்னறையிலிருந்து சாதாரணமாகத்தான் சொன்னான், மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொல்வதுபோல. அடுக்களையில் அவன் அக்கா ஃபஹ்மிதா ஆறாவது முட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். முட்டை கிண்ணத்துக்கு வெளியே மேடையில் விழுந்து வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

இதே வார்த்தைகளைத்தான் மூன்று வருடங்களுக்கு முன்னால் தாஜ் முகம்மதும் சொன்னான். அவன் அவளுக்கு நேர் இளையவன், யஹ்யாவுக்கு மூத்தவன். அன்றைக்கு அவள் போய் மவுஸைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. துணியால் துடைத்து அவன் கைக்கடியில் வைத்து, “நல்லாத்தான்லே இருக்கு, வெளையாடு” என்று சொல்லிவிட்டு வந்தாள். மவுஸ் நன்றாகத்தான் இருந்தது. ஏழு மாதம் கழித்து தாஜ் போய்விட்டான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

யஹ்யாவுக்கும் அதே நோய்தான். தசை நாளாக நாளாகக் கரைந்துகொண்டே வருவது. டாக்டர்கள் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் சொன்னார்கள். மேலப்பாளையத்து வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. முதலில் கால் போகும். அப்புறம் தோள். கை முட்டியைத் தாண்டி விரலுக்கு வருகிறபோது, அது நெஞ்சுக்கும் வந்துகொண்டிருக்கும். அந்த வரிசை வீட்டில் மூன்று பேருக்கும் மனப்பாடம். வாப்பா குவைத்திலிருந்து போன் பேசும்போது, “கை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்பார்.

அதனால் அந்த வீட்டில் சாமான்கள் எடை குறைந்துகொண்டே வந்தன. எவர்சில்வர் டம்ளர் போய் பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. கம்பளிப் போர்வை போய் மெல்லிய துப்பட்டி வந்தது. சோற்றுக் கரண்டிகூட மாறியது. ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் ஃபஹ்மிதா அதன் எடையைச் சொல்லிவிடுவாள். ஆர்டர் பிடித்து வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவள். கிராம் தப்பினால் கேக் உட்கார்ந்துவிடும். மேடையில் எப்போதும் ஒரு சின்ன மின்தராசு இருக்கும்.

கையைக் கழுவிவிட்டு முன்னறைக்குப் போனாள். சக்கர நாற்காலியில் யஹ்யா, முன்னால் பலகை, பலகைமேல் தாஜின் பழைய மவுஸ். கையில் கனம் தெரியவேண்டும் என்று தாஜ் தேடி வாங்கியது அது. வயிற்றுக்குள் இரும்புத் துண்டுகள் போட்டுக் கனத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வாங்கிய நாளில் அவனுக்கு அந்தக் கனம் பிடித்திருந்தது.

“என்ன சரியில்ல?”

“வயரு இழுக்குது. திரும்புததுக்குள்ள ரசீது என்னைய போட்டுத் தள்ளிட்டு ஈன்னு சிரிக்கான்.”

ரசீத் அடுத்த தெருப் பையன். இப்போது வளைகுடாவில், தம்மாமில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அங்கிருந்து அவனும் இங்கிருந்து யஹ்யாவும் ஒரே ஆட்டத்துக்குள் நுழைந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் யஹ்யாவுக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்கான காத்திருப்புதான்.

அவள் அடுக்களையிலிருந்து தராசைக் கொண்டுவந்து மவுஸை அதில் வைத்தாள். இரும்புத் துண்டுகளை எப்போதோ எடுத்தாகிவிட்டது. அப்படியும் நூற்றுப்பன்னிரண்டு கிராம்.

“புதுசு வாங்குவோம்” என்றாள். “நல்லாத்தான் இருக்கு” என்ற சொல் தன் வாயில் மறுபடி வந்துவிடக்கூடாது என்ற அவசரம் அவள் குரலில் இருந்தது.

“வயர் இல்லாதது வேணும் லாத்தா. இடியாப்பத் தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையா போட்டு எடையக் கொறைச்சிருக்கானுவ. பாக்கியா?” போனைக் காட்டினான்.

உம்மா மும்தாஜ் பேகம் வாசலில் வந்து நின்றாள். “இருக்கது ஓடத்தான செய்யுது?” என்றாள். யஹ்யாவின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

*

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்ணாரப்பேட்டையில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடைக்குத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அதை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்ததும் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்ன தாயி, நெத்திலி வாங்க வந்தியளா?”

“மவுஸ் அண்ணாச்சி. வயர் இல்லாதது. கேம் வெளையாடுதவங்க வாங்குவாங்கள்லா, அதுல இருக்கதுலயே எடை கொறைஞ்சது.”

“எடை அட்டையிலேயே போட்டிருக்கும்லா?”

“அட்டைய நம்பி நான் சீனிகூட வாங்க மாட்டேன்.”

முதல் மவுஸின் அட்டையில் அறுபத்தொன்று. தராசு எண்பத்துநாலு காட்டியது. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு மவுஸின் முதுகைத் திறந்தார். “பேட்டரியக் கழிச்சுப் போட்டிருக்கான், களவாணிப் பய. பொண்ணுக்குச் செருப்பில்லாம எடை பாத்த மாதிரில்லா இருக்கு.” இரண்டாவது எழுபத்துநாலு. மூன்றாவது அந்த இடியாப்பத் தட்டு. பேட்டரி உள்ளேயே இருந்தது, சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டியது. தராசு ஐம்பத்தேழில் நின்றது. ஒரு முட்டையின் எடை.

“எல்லாப் பயலுவளும் வேகத்துக்குத்தான் இதக் கேக்கானுவ. உங்க வீட்டுல யாரு?”

“தம்பிக்கு.”

“செயிக்கணுமாக்கும்?”

“ஆமா அண்ணாச்சி.”

சுண்டுவிரலால் அதைக் கண்ணாடிமேல் தள்ளினாள். தண்ணீரில் விட்டதுபோலப் போயிற்று. அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை மடியில் அட்டையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இதைவிட எடை குறைந்த சாமான் இனி எது இருக்கும் என்று ஒருமுறை நினைத்தாள். நினைத்த உடனே அட்டையைப் பைக்குள் தள்ளினாள்.

*

வெள்ளிக்கிழமை.

“பறக்குது லாத்தா!” யஹ்யா கத்தினான். திரையில் அவனுடைய ஆள் சுவர் சுவராகத் திரும்பி ஓடினான். ஒலிபெருக்கியில் ரசீத்: “ஏலே, யாருலே அது, ஆளு மாறிட்டியா? எந்த ஊருக்காரனக் கூட்டிட்டு வந்து வெளையாட வச்சிருக்க?”

“நான்தாம்லே. லாத்தா முட்டை எடையில மவுஸ் வாங்கித் தந்திருக்கா. வா, இன்னைக்கு உனக்கு இருக்கு.”

ஃபஹ்மிதா நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். உம்மாகூட வந்து நின்றாள். ரசீத்தின் ஆள் ஒரு லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். யஹ்யாவின் குறி அவன் நெற்றியில் சரியாகப் போய் நின்றது.

நின்றது. அவ்வளவுதான்.

“என்னலே பாக்க? பொண்ணு பாக்க வந்தியா? சுடுலே.” ரசீத் சிரித்தான்.

யஹ்யாவின் ஆட்காட்டி விரல் பொத்தானின்மேல் இருந்தது. நகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மணிக்கட்டு நடுங்கியது. பொத்தான் இறங்கவில்லை. ரசீத்தின் ஆளும் சுடாமல், எதிரே அப்படியே நின்றான். ஒலிபெருக்கியில் சிரிப்பு நின்றுவிட்டது. அதைத்தான் யஹ்யாவால் தாங்க முடியவில்லை.

“நெட்டு போயிட்டுலே” என்று சொல்லி இடது கையால் கம்ப்யூட்டரை அணைத்தான்.

உம்மா உள்ளே ஓடினாள். ஃபஹ்மிதா புது மவுஸைக் கையில் எடுத்தாள். கடையில் எடையை மட்டுமே பார்த்திருந்தாள். டம்ளருக்கும் தட்டுக்கும் போர்வைக்கும் எடைதான் கணக்கு. டம்ளரை யாரும் அமுக்குவதில்லையே.

தராசைக் கொண்டுவந்து பழைய மவுஸை அதில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, பொத்தானைப் பைய அழுத்தினாள். ‘டிக்’ என்ற நொடியில் முப்பத்தொன்பது கிராம். புதியதை வைத்து அழுத்தினாள். அறுபத்தாறு.

“என் வெரல வை” என்றான் யஹ்யா.

“வேண்டாம்லே.”

“வை லாத்தா.”

“வைக்காத!” உம்மா அடுக்களையிலிருந்தே கத்தினாள். “நம்பர் கிம்பர் ஒண்ணும் இந்த வீட்டுல இனி பாக்கக்கூடாது. கேட்டியா?”

தாஜுக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரியில் மூச்சை ஊதச் சொல்லி அளந்தார்கள். அவன் ஊதும்போது பக்கத்தில் நின்ற உம்மாவும் கன்னத்தை உப்பி ஊதுவாள். வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி, தாஜ் கண்ணில் படாமல் அடுக்களையில் பிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். அது ஏறவே இல்லை. கடைசி இரண்டு மாதம் அந்தத் தாளைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுக்கவே எல்லோரும் பயந்தார்கள்.

“தாஜ் காக்கா நம்பரக் கேக்கல” என்றான் யஹ்யா. “நீங்க ரெண்டு பேரும் ரகசியமா பாத்துக்கிட்டிய. அவன் உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டான். எனக்கு உங்க மூஞ்சியப் பாக்கதுக்குப் பதிலா அந்த நம்பரப் பாத்துட்டுப் போயிரலாம். வை.”

பலகைமேல் தராசை வைத்தாள். அவன் விரலைத் தூக்கித் தட்டின்மேல் வைத்தபோது அது குளிர்ந்திருந்தது. அவன் அழுத்தினான். எண்கள் ஓடின. இருபது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பதைத் தாண்டுகிறவரை அவள் மூச்சு விடவில்லை. நாற்பத்தாறு. ஐம்பத்திரண்டு. அங்கே நின்று நடுங்கி, இறங்கிவிட்டது.

“எவ்வளவு?” அடுக்களைக்குள்ளிருந்து உம்மாவின் குரல், அழுகையோடு.

“போதுத அளவு இருக்கும்மா” என்றான் யஹ்யா.

முப்பத்தொன்பது போக மிச்சம் பதின்மூன்று. மூன்று தேக்கரண்டிச் சீனி. கணக்கு அவளை அறியாமல் அதுவாக வந்துவிட்டது.

*

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே அவள் படியில் நின்றாள். இரண்டு மவுஸையும் மேசைமேல் வைத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னாள். இந்தத் தடவை ஜெயிப்பதைப் பற்றிப் பேசவில்லை. நோயைச் சொன்னாள், விரலைச் சொன்னாள்.

ஐயம்பெருமாள் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார். “உள்ள இருக்க சுவிட்சு ரெண்டுக்கும் ஒரே அளவுதான். பழசு தேஞ்சிருக்கு. தேஞ்சாத்தான் இப்படி மெத்துனு இறங்கும். இதப் பிடுங்கிப் புதுசுல வச்சுரலாம். ஆனா ஒண்ணு தாயி, புதுசத் திறந்தா வாரண்டி போயிரும். பழசும் அதோட தீந்தது. சூடு கொஞ்சம் கூடிட்டுன்னா உள்ள தகடு வளைஞ்சு ரெண்டுமே இல்லன்னு ஆயிரும்.” சற்று நிறுத்திக் கேட்டார். “எத்தன வருசம் அமுக்குனது இது? யாரு?”

“இன்னொரு தம்பி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஈயம் பற்றவைக்கும் கம்பியைப் பிளக்கில் சொருகிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பல வருடமாக இதைச் செய்கிறவர். அன்றைக்கு மட்டும் இரண்டு முறை துடைத்தார்.

தாஜின் மவுஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே தூசியும் ஒரு சின்ன முடியும். கறுப்பாக, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது அந்தச் சுவிட்சு. புகை எழுந்தபோது ஃபஹ்மிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் திருப்பிக்கொண்டாள். அதன்பின் எத்தனையோ நாள் அதற்காகத் தன்னைத் திட்டியிருக்கிறாள். அதனால் மறுபடி திரும்பி, கடைசிவரை பார்த்தாள்.

அண்ணாச்சி மூடித் திருகி அவள்முன் தள்ளினார். “உங்க தராச எடுங்க.”

எடை ஐம்பத்தேழு. பொத்தானை அழுத்தினாள். ‘டிக்.’

நாற்பது.

“ஒரு கிராம் கூடிட்டு அண்ணாச்சி.”

“ஒரு கிராம்தான தாயி?” என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “திறந்து இன்னொரு தடவ பாக்கட்டுமா?” என்றார்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்னொரு முறை அந்தக் கம்பி அதன்மேல் படுவதைப் பார்க்க அவளிடம் தைரியம் இல்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முன்னறைக்குப் போகவில்லை. இரண்டு கிலோ கேக் ஆர்டர் இருந்தது. மைதாவைத் தராசில் கொட்டத் தொடங்கினாள். முன்னூறு வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் டிக், டிக். “ஏலே யஹ்யா, நெட்டு வந்துட்டு போல” என்று ரசீத். அவன் குரலில் வழக்கத்தைவிடச் சிரிப்பு கூடுதலாக இருந்தது. “வந்துட்டு, நீ சாவுலே” என்று யஹ்யா. டிக். டிக். டிக்.

அப்புறம் சத்தம் நின்றது.

வாசலில் உம்மா கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். அவளும் டிக்கை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று ஃபஹ்மிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பொட்டலத்திலிருந்து மாவு விழுந்துகொண்டே இருந்தது. விரல் சோர்ந்துவிட்டதா? இத்தனை சீக்கிரமா? ஒரு கிராம்தானே கூடியது?

“எங்கலே போய் ஒளிஞ்சிக்கிட்ட?” முன்னறையில் யஹ்யா கத்தினான். “லாரிக்கு அடியிலயா? வாலே வெளிய!”

டிக். டிக்.

உம்மாவின் துடைப்பம் மறுபடி தரையில் உரசத் தொடங்கியது. ஃபஹ்மிதா குனிந்து பார்த்தாள். தராசில் நானூற்றுப் பதினெட்டு. கரண்டியை எடுத்து, கூடுதல் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப அள்ளிப் பொட்டலத்தில் போட்டாள். கரண்டி கிண்ணத்தில் படாமல் பார்த்துக்கொண்டாள். பட்டால் அந்தச் சத்தத்தில் அடுத்த டிக் கேட்காமல் போய்விடும்.