தாய்வீட்டுக் கோடி

தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய புதுப் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லம்மா பந்தலுக்குள் நுழைந்தபோது, தனத்தின் உடலைக் குளிப்பாட்டிப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மேளம் ஓய்ந்திருந்தது. பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிப் புடவையை முதலில் போர்த்திய பிறகுதான் எடுப்பது வழக்கம். தனத்துக்குப் பிறந்த வீடென்று ஒருவரும் மிச்சமில்லை.

எல்லம்மா புடவையைப் பிரித்தாள்.

"இன்னாடி பண்றே?" என்றாள் கங்கையம்மாள், மாமனாரின் தங்கை. "நீ அவளுக்கு ஓரகத்தி. புருசன் வூட்டுக் கோடி அப்பாலதான்."

"இது தாயூட்டுக் கோடி."

"அத்தக் குடுக்க நீ யாருடி அவளுக்கு? கிட்னியப் புடுங்கிகினது பத்தலியா?"

யாரோ இருமினார்கள். எல்லம்மா தலை குனிந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டபோது, சொந்த அண்ணன்கள் ரத்தப் பரிசோதனைக்கே வரவில்லை. ஆள் பிடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் வீடுவரை வந்தான். தனம்தான் அவனை விரட்டினாள். "எவளோ ஒருத்தி வயித்துப்பாட்டுக்கு அறுத்துக்கணுமா? என்னுது சேருதான்னு பாக்கச் சொல்லு." சேர்ந்தது. "இனிமே சண்ட போட்டே, திருப்பிக் கேட்டுடுவேன்" என்று ஆஸ்பத்திரியில் சிரித்தாள்.

பிறகு சட்டம் வந்தது. இப்போதெல்லாம் ரத்த உறவு இல்லாதவர்கள் கொடுக்க வந்தால், நீ இவளுக்கு என்ன வேண்டும் என்று கமிட்டி கேட்குமாம். அன்று அவர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை. இன்று கங்கையம்மாள் கேட்டுவிட்டாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சம்பத், தனத்தின் கணவர், எழுந்தார்.

"டாக்டரு நெஞ்சுவலின்னு சொன்னாரு அத்தை. இவ மேல பழி போடாத." எல்லம்மாவைக் காட்டினார். "என் தனத்துல உசுரோட மிச்சம் கீறது அந்தக் கிட்னி ஒண்ணுதான். அது இவகிட்ட கீது. அதவிட இன்னா தாயூடு? நீ போத்தும்மா."

எல்லம்மா குனிந்து போர்த்தினாள். இடுப்போரம், தழும்பு இருக்கும் இடத்தில், கை சற்று நின்றது.

"அக்கா" என்றாள். மேளம் எழுந்தது.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அன்றைய சோறும் பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள், எல்லம்மா தலைக்குக் குளித்து, பின்தெருவிலிருந்த தன் வீட்டில் பெரிய பானையை ஏற்றினாள். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. ஈரத்தலையோடு கங்கையம்மாள்.

"இன்னாம்மே, இம்மாம் பேருக்கும் தாயூட்டுக்காரி ஒண்டியாவே வடிப்பியா?"

கங்கையம்மாள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு, வெங்காயக் கூடையைத் தன் பக்கம் நகர்த்தினாள். எல்லம்மா முழங்காலை ஒடுக்கி, அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.