நேர்ந்துவிட்ட வான்கோழி

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளுக்கென்று ஒருவன் வான்கோழிகளைத் தலைகீழாகக் கட்டி பைக்கில் கொண்டுபோனான். ரெட்டியார்பாளையம் வளைவில் ஒன்று கட்டு அறுந்து விழுந்தது. கால் முறிந்ததை யார் வாங்குவார்கள் என்று அவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

வேலை முடிந்து சேதராப்பட்டு சோப்புக் கம்பெனி வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கிய சுலோசனா அதைத் தூக்கப் போனாள். அது அவள் கையை வெடுக்கென்று கொத்தியது. கால் ஒடிந்து கிடக்கிற நிலைமையிலும் எவ்வளவு ரோஷம்! அந்த ரோஷம்தான் அவளுக்குப் பிடித்துப்போனது. ரத்தம் வழிந்த கையோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அதைப் பார்த்ததும் புருஷன் கன்னியப்பனுக்கு வாயெல்லாம் பல். மில்லில் இருந்த காலத்திலிருந்தே அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். மில் மூடியும் சட்டம் மூடவில்லை. அடுத்த வீட்டிலிருந்து அவருடைய அக்கா வசந்தா வந்து, மிளகு போதுமா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள். வேண்டாமென்று சுலோசனா சொன்னாள். அது யார் காதிலும் ஏறவில்லை. கத்தியைத் தேடுகிற சத்தம் கேட்டதும் அவள் பறவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. அங்காளம்மனுக்கு நேர்ந்துட்டேன்."

கன்னியப்பன் பொண்டாட்டிக்குப் பயப்படாதவர். ஆத்தாளுக்குப் பயப்படுவார். கத்தி உள்ளே போய்விட்டது.

மூங்கில் தப்பை வைத்து, பழம்புடவையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். கோணிப்பையில் ஓட்டை போட்டு, கால்கள் வெளியே தொங்கும்படி பறவையை அதில் இருத்தி, பின்கட்டு உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். ஊஞ்சலில் உட்கார்ந்த மாமியார் மாதிரி அது எல்லாரையும் முறைத்தது. கம்பும் முருங்கைக்கீரையும் கையால் ஊட்டினாள். சாப்பிட்டுவிட்டு அந்தக் கையையே கொத்தியது. பொங்கலுக்குப் பிறகு நொண்டி நொண்டி நடந்தது.

அதற்கொரு குணம் இருந்தது. சத்தமாக எது கேட்டாலும் பதில் கொடுக்கும். கன்னியப்பன் காப்பிக்காகக் கத்தினால், "களகளகள" என்று பின்கட்டிலிருந்து அதுவும் கத்தும். அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேசிய முதல் ஜீவன் அதுதான். சுலோசனா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மாசி வந்தது. ஆத்தாளின் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு நேர்ந்ததைக் கொடுத்தாக வேண்டும் என்று வசந்தா வந்து நின்றாள். சொல்லித் தப்பித்த சொல்லே கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. திருவிழா அன்று காலையில் கன்னியப்பன் மாலையோடும் கத்தியோடும் பின்கட்டுக்கு வந்தார். சுலோசனா பறவைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் நேர்ந்துக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

"ஆத்தா பேர்ல பொய்யா?"

"ஆமாங்க. வேணாம்னு நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க? ஆத்தா பேர சொன்னாத்தான கேட்டீங்க. இப்ப என் பேர்லயே சொல்றேன். குடுக்க மாட்டேன்."

குடும்பம் விளங்காது என்று வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். கன்னியப்பன் தெரு கேட்கக் கத்தினார். வான்கோழி அதைவிடச் சத்தமாகக் கத்தியது. அவர் மறுபடி கத்தினார். அது மறுபடி கத்தியது. மதில் மேல் அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்தன, யாரோ சிரித்தார்கள். சுலோசனா நகரவில்லை.

கடைசியில் தொண்டை கட்டியது அவருக்குத்தான். கத்தியைத் துணி துவைக்கிற கல்லின் மேல் போட்டுவிட்டு, ஒரு தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.

சுலோசனா வாசல்வரை வந்து கூப்பிட்டாள்.

"அர்ச்சன என் பேருக்குப் பண்ணுங்க."